முதல் டம்ளர்

ஜூஸ் கடைக்குள் பாட்டில் ஜூஸ் கம்பெனிக்காரர்கள் இறக்கிவிட்டுப் போன கண்ணாடி ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருக்கிறது. அதன் வெள்ளை வெளிச்சத்தில் கூடையிலிருக்கும் ஆரஞ்சுப் பழங்கள் சோகை பிடித்தவை போல் வெளுத்துத் தெரிகின்றன. கடைக்காரர் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, மனைவியிடம் நீட்டுகிறார். தினமும் அவர் பிழியும் முதல் டம்ளரை ருசி பார்ப்பவள் அவள்தான். சர்க்கரை தூக்கல், கொட்டை கசக்குது என்று ஒரு நாளும் குறை சொல்லாமல் விட்டதில்லை. இன்றும் அந்த வாயை நம்பித்தான் நிற்கிறார். அவள் ஒரு மடக்கு குடிக்கிறாள். முகம் சுளிக்கவில்லை. இன்னொரு மடக்கு. "என்ன, சக்கரை ஜாஸ்தியா?" என்று அவரே எடுத்துக் கொடுக்கிறார். அவள் பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் நாக்கில் விட்டுக்கொண்டு, "என்ன இருந்தாலும் உங்க கைப்பக்குவம் வருமா?" என்கிறாள். இத்தனை வருஷத்தில் அவர் ஜூஸுக்கு அவளிடமிருந்து கிடைக்கும் முதல் பாராட்டு. அவர் அவள் கையிலிருக்கும் காலி பாட்டிலைப் பார்க்கிறார்.