நீலப் பொட்டு

வெரோனிகா கையும் சாயமுமாகப் பிடிபட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். தஞ்சோங் செப்பாட் பன்றிப் பண்ணையில் ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு குட்டியை மடியில் இடுக்கிக்கொண்டு, அதன் முதுகிலிருந்த சிவப்புப் பொட்டின் மேல் நீலச் சாயத்தைப் பூசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால், எதிரே மேற்பார்வையாளர் செபாஸ்டியன்.

பால் மறந்த குட்டிகளை முதலாளி லிம் இரண்டு பட்டியாகப் பிரிக்கச் சொல்லியிருந்தார். சிவப்புப் பொட்டுக்குப் பழையபடி மீன் தூள் தீனி. நீலப் பொட்டுக்குப் புதுத் தீனி; வண்டிக்கு ஊற்ற எத்தனால் வடித்தபின் மிஞ்சும் சோளச் சக்கை. எந்தப் பட்டி எடையில் ஜெயிக்கிறதோ, அதன் தீனிதான் இனி பண்ணை முழுவதற்கும்.

மீன் தூள் கொண்டுவருவது கிள்ளானிலிருக்கும் வெரோனிகாவின் தம்பி கென்னத்.

புது மூட்டையைப் பிரித்த அன்று புளித்த வாடை குப்பென்று அடித்தது. மூட்டைக்குள் குனிந்த செபாஸ்டியன் வெகுநேரம் நிமிரவில்லை. டெங்கில் தோட்டத்தில் அவர் அப்பா கள்ளுக்கடை மண்டியை வாளியில் வாங்கிவந்து பன்றிக்கு ஊற்றுவார். தோட்டத்து வீட்டு வரிசையான லயம் முழுக்க இதே வாடை அடித்தால், கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். நோஞ்சான் குட்டியை மட்டும் அம்மா அடுப்படியில் போட்டு, டின் பாலைத் துணியில் நனைத்துச் சப்பக் கொடுப்பார். அதைப் பார்க்கப் பக்கத்து வீட்டிலிருந்து கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள் சின்னப் பெண் வெரோனிகா.

அவளோ புது மூட்டையைப் பிரித்த அன்று மூக்கைச் சுளித்தாள். "அப்ப கள்ளு மண்டி, இப்ப பெட்ரோல் மண்டியா? நல்லா இருக்கு லா."

இப்போதல்லவா செபாஸ்டியனுக்கு அதன் அர்த்தம் புரிகிறது.

"எத்தனைய மாத்தின?"

"நாலு."

செபாஸ்டியன் எட்டிப் பார்த்தார். நீலப் பட்டிக்கு வந்த மூன்றும், அவள் மடியிலிருந்ததும் நோஞ்சான். அங்கிருந்த கொழுத்த நான்கு, சிவப்புப் பொட்டோடு மீன் தூள் தின்றுகொண்டிருந்தன. நாளைக்கு எடை. எது தோற்கும் என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும்.

"கென்னத்துக்காக நானே முதலாளிகிட்ட பேசியிருப்பேனே. இப்படியா பண்றது? ஒரே லயத்துல வளந்தோம்னு பாக்கிறேன். இல்லேன்னா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

அவள் குட்டியை நீலப் பட்டிக்குள் இறக்கிவிட்டாள். அது தள்ளாடிப் போய்த் தொட்டியில் வாயை வைத்தது.

"மீன் தூள் தின்ற நோஞ்சானுக்கெல்லாம் வயித்தால போகுது அண்ணே. பட்டி கழுவுறவ நான், எனக்குத் தெரியாதா? இந்தப் பக்கம் ஒண்ணுக்கும் ஒண்ணுமில்ல. கேட்டா, ரெண்டு பட்டியையும் கலக்கக் கூடாதும்பீங்க. கொழுத்தது எதைத் தின்னாலும் பொழைச்சுக்கும். இதுங்க சாகாம இருக்கட்டுமேன்னுதான் தூக்கியாந்தேன்."

செபாஸ்டியன் தொட்டியில் வாய் வைத்த குட்டியைப் பார்த்தார். "அப்ப... நாளைக்கு எடை?"

"அத நான் யோசிக்கல." சாயக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். "நீங்க முதலாளிகிட்ட, மீன் தூள் சேரலன்னு உள்ளதச் சொல்லிடுங்க, அண்ணே. தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."