பின்னால் போகாத வண்டி

"இடது பக்கம் திரும்பு டெல்பர்ட், இடது பக்கம்!"

"மார்வா, நாம தங்கற இடத்துக்குப் போர்டு வலது பக்கம்ல காட்டுது!"

"போர்டு கிடக்குது. நான் சொல்றதைக் கேளு."

டெல்பர்ட் கேட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து வழி சொல்வது மார்வாதான். அவள் பக்கத்தில் இருக்கும்போது கைபேசியிடம் வழி கேட்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். குளிர் தொடங்கியதும் நெப்ராஸ்கா வீட்டைப் பூட்டிவிட்டு, அரிசோனா வெயிலில் போய்க் காய்வது ஓய்வு பெற்ற பிறகு வந்த வழக்கம். பஸ் அளவுக்கு ஒரு வீட்டு வண்டி, அதன் வாலில் கட்டிய சின்னக் கார், உள்ளே இவர்கள் இரண்டு பேர். இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன ஒரு திருப்பம்கூடத் தப்பானதில்லை.

இன்றைக்கு எல்லாமே தப்பு. நியூ மெக்சிகோ வந்ததும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கச் சொன்னாள். ஒரே பெட்ரோல் பங்கை இரண்டு தடவை கடந்தார்கள். ஏன் என்று கேட்டால் மேப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தார் ரோடு மண் ரோடாகி, மண் ரோடு இரண்டு வேலிகளுக்கு நடுவே சந்தாகி, ஒரு வீட்டு வாசலில் போய் முட்டி நின்றது.

"முட்டுச்சந்து மார்வா!"

"ஆமா, முட்டுச்சந்துதான்."

"பின்னால கார் கட்டியிருக்கு. ரிவர்ஸ் எடுத்தா கார் சக்கரம் கோணிக்கிட்டு இழுவைக் கம்பி முறிஞ்சுடும். உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? நீதான் தினம் பாடம் நடத்தறியே."

"தெரிஞ்சுமா இங்க கொண்டாந்து விட்டே?"

மார்வா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "நேரமாச்சு. டிரீனா பாவம், பசியோட உட்கார்ந்திருப்பா" என்றாள்.

டெல்பர்ட் எஞ்சினை அணைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். டிரீனா அவர்களுடைய ஒரே மகள். அவள் கல்யாணத்தில் வந்த சண்டையில், இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சொன்னவர் அவர். இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூடத் தெரியாது. மார்வாவோ, பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தையைச் சொல்வதுபோல் சொல்கிறாள். மார்வாவின் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் வழி மறந்தது, பிறகு முகங்கள். இவளுக்கு என்னையும் மறந்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தவர் அவளைச் சோதித்துப் பார்த்தார்.

"மார்வா, இன்னிக்கு என்ன கிழமை?"

"ஏன், உனக்கு என்ன ஆச்சு?"

"சும்மா சொல்லேன். நம்ம டாக்டர் பேராவது சொல்லு பார்ப்போம்."

"உன் மண்டைக்குத்தான் டாக்டர் பார்க்கணும். போய்க் காரைக் கழட்டு, போ!"

இறங்கிப்போய் இரண்டு வண்டிகளுக்கும் நடுவே மண்டியிட்டார். காரை இழுவைக் கம்பியோடு பிணைப்பது ஒரே ஒரு கடையாணி; அது இல்லாமல் காரைக் கட்டி இழுக்கவே முடியாது. சந்து வளைவில் கோணலாக நின்றதால் அது இறுகிப்போய் அசைய மறுத்தது. கண்ணில் நீர் திரண்டு, அது எங்கே இருக்கிறது என்பதே சரியாகத் தெரியவில்லை. அரிசோனாவும் வேண்டாம், வெயிலும் வேண்டாம், நாளைக்கே ஊருக்குத் திரும்பி இவளை நல்ல டாக்டரிடம் காட்டவேண்டும் என்று முடிவுசெய்துகொண்டார்.

அப்போது புழுதி படிந்த பூட்ஸ் கால்கள் இரண்டு பக்கத்தில் வந்து நின்றன. ஒரு சுத்தியல் இறங்கியது. ஒரே அடியில் கடையாணி தெறித்து விழ, ஒரு பெண்ணின் கை அதைப் பொறுக்கிக்கொண்டது.

"ரொம்ப நன்றிம்மா" என்று டெல்பர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள், அந்தக் கால்கள் முன்பக்க ஜன்னலுக்குப் போய்விட்டன.

"ஏம்மா, மத்தியானச் சாப்பாட்டுக்கே வந்துடுவோம்னியே, எல்லாம் ஆறிப்போச்சு! அப்பா எப்படிம்மா ஒத்துக்கிட்டாரு?"

"எங்கடி ஒத்துக்கிட்டாரு? உங்கப்பாகிட்ட இன்னும் சொல்லவே இல்ல. முதல்ல அந்தக் கடையாணியைக் கொண்டுபோய் ஒளிச்சு வை!"