பக்கத்து வீட்டுத் தாள்

“திருமண நிலை?”

அண்ணாச்சி அடுக்களைப் பக்கம் பார்த்தார்.

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்திருந்த ஹெலன் டீச்சரின் பேனா தாளுக்கு மேலே நின்றது. அவர் மகள் வடிவின் பெயர், வயது, படிப்பு எல்லாம் எழுதியாயிற்று. இந்த ஒரு கேள்விதான் பாக்கி.

தெருவுக்கு அவர் சொல்லி வைத்திருப்பது வேறு. மாப்பிள்ளை பக்ரைனில் இருக்கிறார். லீவு கிடைக்கவில்லை. அதுவரை பெண் அப்பா வீட்டில்.

எட்டு மாதமாக அதில் ஒரு வார்த்தை மாறவில்லை.

“சும்மா சொல்லுங்க அண்ணாச்சி. கோர்ட்டே கேட்டாலும் இதக் காட்டக் கூடாது. சட்டம் அப்படி.”

அவர் நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஊர் வாயை அடைக்கச் சொன்னது வேறு. சர்க்கார் காகிதத்தில் பொய் எழுத வைத்த குடும்பம் இல்லை இது.

“விவாகரத்து.”

அந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் உரக்கச் சொன்னதில்லை.

அடுக்களையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. வடிவு கேட்டிருப்பாள்.

டீச்சர் கரும்பலகையில் எழுதுவதுபோல உருட்டி உருட்டி எழுதினார். எழுதிய தாளின் மறுபக்கம் முழுக்க அச்சடித்த கட்டங்கள்.

“அச்சடிச்ச பாரத்துலயா கிறுக்குதீங்க?”

“லாரி லாரியா அடிச்சு அனுப்புனாங்க. பொறவு எல்லாம் போன்லதான்னுட்டாங்க. ஸ்கூல்ல ஒரு ரூம் நெறைய கெடக்கு அண்ணாச்சி. பின்பக்கமாவது எனக்கு ஆவுதே. வீட்டுக்குப் போயி போன்ல ஏத்திருவேன்.”

அட்டையில் அந்தத் தாளுக்கு அடியில் இன்னொரு தாள் நீட்டிக்கொண்டிருந்தது. மேல் வரியில் கோமதிநாயகத்தின் பெயர்.

பக்கத்து வீடு. சித்தப்பா மகன். நடுவில் இடுப்பளவு மதில்.

கோமதிநாயகம் மாடி எடுத்தபோது அவருக்கு மூன்று நாள் காய்ச்சல். கார் வந்தபோது கோயிலுக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டார். அவன் மூத்த மகனுக்கு பெங்களூர் கம்பெனியில் மேனேஜர் வேலை என்று லட்டு வந்தது. அதை வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினியாகப் படுத்தார். இப்போது அந்தப் பையனுக்கு வீட்டிலிருந்தே வேலையாம். மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறானாம்.

“கோமதி வீட்டுல என்ன எழுதியிருக்காவ?”

மணி என்ன என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

டீச்சர் வாசலை ஒரு முறை பார்த்தார்.

“நான் காட்டுனேன்னு சொல்லிராதீங்க.”

கிளிப்பைத் தளர்த்தினார். தாளை உருவினார். எழுத்து அண்ணாச்சி பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தார்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மூத்த மகன். வயது முப்பத்து நான்கு. வேலை: இல்லை. தேடுகிறார். இரண்டு வருடமாக.

இன்னொரு முறை படித்தார்.

இரண்டு வருடமாக.

மத்தியானச் சாப்பாட்டை நினைத்தார். பசித்தது. நன்றாகப் பசித்தது.

“காபி குடிக்கீங்களா டீச்சர்?”

“வேண்டாம் அண்ணாச்சி. பக்கத்து வீட்டுல போன் நம்பர் வாங்க மறந்துட்டேன். வாங்கிட்டு ஸ்கூலுக்கு ஓடணும்.”

தாள்களைச் சேர்த்துத் தட்டி அட்டையில் செருகினார். அண்ணாச்சி வீட்டுத் தாள் மேலே இருந்தது.

டீச்சர் போனதும் அவர் முற்றத்தில் நடந்தார். மூத்தவனுக்கு வேலையெல்லாம் எப்படிப் போகுது கோமதி? இப்படிக் கேட்கலாம். சிரிக்காமல் கேட்க வேண்டும். ஒரு முறை முணுமுணுத்துப் பார்த்தார். ‘வேலையெல்லாம்’ என்ற இடத்தில் கொஞ்சம் இழுத்தால் போதும்.

நடந்தபடியே மதிலுக்கு வந்துவிட்டார்.

அந்தப் பக்கம் வேப்பமரத்து நிழலில் டீச்சர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே கோமதிநாயகம்.

கோமதிநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தான்.

அவன் மடியில் ஒரு தாள்.

அவர் நகரவில்லை. நகர்ந்தால் பார்த்துவிடுவான் என்று தோன்றியது. நிமிர்ந்தே நின்றார்.

டீச்சர் தம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினார். கோமதிநாயகம் கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பினான். மதிலருகே அவரைக் கண்டான். வந்தான்.

எட்டு மாதத்தில் அவன் ஒரு நாள் தவறியதில்லை. மதிலில் கையை ஊன்றிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்பான்: மாப்பிள்ளை போன் பண்ணாராண்ணே?

இன்றும் கையை ஊன்றினான்.

அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு மதிலில் பெயர்ந்திருந்த காரையை விரலால் தடவினான்.

“வெயில் ஏறிட்டுண்ணே. உள்ள போயி உக்காருங்க.”

குரல் தெருவுக்குக் கேட்கவில்லை.

அவ்வளவுதான். மாப்பிள்ளையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

மாடி ஜன்னலில் மூத்தவன் நின்றிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவருடைய கேள்வி நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

கேட்காமல் விடுவதிலும் முந்திக்கொண்டான், பாவி.

அவர் வாயைத் திறந்தார்.