இந்திப் படம், அப்பாவின் தமிழில்

படம் ஆரம்பித்துப் பத்தாவது நிமிஷத்தில்தான் அச்யுத்துக்குத் தான் செய்த முட்டாள்தனம் உறைத்தது.

அம்மாவுக்கு இந்தி தெரியாது. அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அப்பாதான் தமிழில் சொல்லப்போகிறார்.

மாயவரத்திலிருந்து மெட்டுகுடாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நீலாவுக்கு முப்பது வருஷத்தில் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. இந்தி மட்டும், காய்காரரிடம் வேண்டாதபோது ‘நக்கோ’ சொல்வதோடு நின்றுவிட்டது. அதனால் எந்த இந்திப் படத்துக்குப் போனாலும் ஜெகதீஸ்வரன் அவள் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டே ரிட்டயரான மனுஷர். அவர் ரகசியம் பேசினால் மூன்று வரிசைக்குக் கேட்கும்.

உள்ளதை உள்ளபடி சொல்கிற ஆளும் இல்லை. நீலா அழுதுவிடுவாள் என்று, செத்துப்போனவர்களையெல்லாம் டிரான்ஸ்பரில் அனுப்பிவிடுவார். சிதை எரிந்தால் அவருக்கு அது போகி.

இப்படிப்பட்டவரை நம்பித்தான் அச்யுத் தன் வாழ்க்கையைத் தூக்கிக்கொண்டு அமீர்பேட்டுக்கு மேட்னி ஷோ வந்திருந்தான்.

அவன் வீட்டில் சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம். அவனுக்குப் பெண்கள் மேல் நாட்டமில்லை, ஆண்கள் மேல்தான். கண்ணாடி முன்னால் ஆறு மாதம் ஒத்திகை பார்த்தாயிற்று. இங்கிலீஷில் கச்சிதமாக வந்தது. தமிழில் ‘அம்மா’ என்பதற்கு மேல் நாக்கு எழவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மௌலா அலி ஏரியாவுக்குத் தேஜஸ்வினி என்ற பெண்ணை அவனுக்குப் பார்க்கப் போவதாக ஏற்பாடு வேறு.

தான் யார் என்று தெரியாமல் தவிக்கும் ஒரு பையனின் கதை, அதுவும் சிரிப்புப் படம் என்று கேள்விப்பட்டதும் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டான். படமே சொல்லிவிடட்டும்.

படம் சொல்லத்தான் செய்தது. அப்பாதான் விடவில்லை.

நாயகன் நிச்சயதார்த்தத்தை நிறுத்தினான். அவனுக்கு டிரான்ஸ்பர் வந்துவிட்டதாம் என்றார். இரண்டு ஆண்கள் கை கோத்து நடந்தார்கள். ஒரே செக்‌ஷனாம். அவர்கள் முத்தமிட்டபோது கொஞ்சம் திணறி, பிரமோஷன் என்றார்.

முன் வரிசையில் தமிழ் தெரிந்த யாரோ புரையேறிச் சிரித்தார்கள். அச்யுத்துக்கு சீட்டுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. கூடவே அழுகையும் வந்தது.

அம்மா பாப்கார்னை மென்றபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

கடைசியில் அந்தக் காட்சி வந்தது. நாயகன் தன் அப்பா அம்மா முன்னால் நின்று, சுற்றி வளைக்காமல், தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று சொன்னான்.

இதை எந்த ஊருக்கு டிரான்ஸ்பர் செய்யப்போகிறாரோ என்று அச்யுத் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

அப்பா வழக்கம்போல அம்மா பக்கம் சாய்ந்தார். இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அவனுக்கு ஆம்பளைங்களைத்தான் பிடிக்குமாம், நீலா. அவங்கப்பா சொல்றார், எனக்கு ரொம்ப நாளாவே தெரியும்டா, நீயே சொல்லட்டும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன், ஞாயித்துக்கிழமை நாம எங்கேயும் போக வேண்டாம்னு.”

அச்யுத் நிமிர்ந்து திரையைப் பார்த்தான்.

அங்கே அந்த அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். இன்னும் வாயே திறக்கவில்லை.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“அம்மாவுக்கும் தெரியும்னு அவரைச் சொல்லச் சொல்லுங்க.”