நாற்பதைத் தாண்டாத மாப்பிள்ளை

பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை ஓட்டும் காரில் ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிடுவது சந்திரமோகனின் வழக்கம். பொம்மிடியிலிருந்து பாப்பாரப்பட்டி வரை தமிழ்மணியின் காரில் போய் வந்தவர், வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“அமுதா, தம்பி நாப்பதைத் தாண்டவே இல்ல! டிராக்டர்காரன்கூட முந்திக்கிட்டுப் போறான், சிரிச்சுக்கிட்டே வழி விடுது. முன்னாடி வந்த ரெண்டு பேரும் தொப்பூர் இறக்கத்துல என் உசுரை வாங்கினானுங்க. இந்தப் பையன்தான் நம்ம சசிக்கு!”

அமுதவல்லி மகளைப் பார்த்தாள்.

“உங்க இஷ்டம்ங்கப்பா” என்று தலைகுனிந்தாள் சசிகலா. பிறகு கொல்லைப்புறம் போய்த் தமிழ்மணிக்குப் போன் போட்டாள்.

“அப்பா சரின்னுட்டாருங்க. நூறுல பறக்கற ஆளு, இன்னிக்கு நான் சொன்ன மாதிரியே அடங்கி ஓட்டிட்டீங்களே!”

“நான் எங்க அடங்கினேன்? நீ சொன்ன யோசனைதான். இன்ஜினைப் பிரிச்சு புது பிஸ்டன் போட்டாச்சு. ஆயிரம் கிலோமீட்டர் ஓடுற வரைக்கும் நாப்பதைத் தாண்டினா இன்ஜின் போயிடும்னு மெக்கானிக் மிரட்டி வெச்சிருக்காரு.”

“இதுவரைக்கும் எவ்வளவு ஓடியிருக்கு?”

“நானூறு.”

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. “கல்யாணத்தை ஆவணியில வெச்சுக்கலாம்மா!”

சித்திரையே இன்னும் முடியவில்லை; நாற்பதில் அடக்கி வைக்க மீதி அறுநூறு கிலோமீட்டர்தான். சசிகலா விரல்விட்டு மாதங்களை எண்ணினாள்.

“ஏங்க, ஆவணி வரைக்கும் நீங்க பஸ்லயே போயிட்டு வாங்க.”