கண்கட்டுச் சோதனை

“தோர்த்தைத் தூக்கிப் பாக்கப்பிடாது அத்தான்!”

“பாக்கல்லட்டி, மூக்கு அரிச்சுது,” என்று புளுகினான் ஜாஸ்பர். நாற்காலி கிரீச்சிட்டதிலேயே கண்டுபிடித்துவிட்டாள், கள்ளி. கணினியைத் திறப்பதற்கு முன்பே அவன் கண்ணைத் தோர்த்துத் துண்டால் இறுகக் கட்டியிருந்தாள்.

கல்யாணமான பிறகுதான் பிளஸ்ஸி கோடிங் படிக்க ஆரம்பித்தாள். தேங்காய்ப்பட்டணத்துப் படகுக்காரர் சங்கத்துக்காக, வீட்டிலிருந்தே மீன் ஆர்டர் செய்ய ஒரு இணையப் படிவம் செய்திருக்கிறாள். நாளைக் காலை சங்கத்தில் காட்ட வேண்டும். பிடித்துப்போனால், அதுதான் அவளுடைய முதல் வேலை. பிடிக்காவிட்டால், ‘உன் பெண்டாட்டிக்கு எதுக்குடே இந்தப் பாடு?’ என்று கேட்டவர்கள் வாயை அடைக்க முடியாது. அந்தப் பயம் அவளைவிட ஜாஸ்பருக்குத்தான் அதிகம்.

“கண்ணைக் கட்டித்தான் பாக்கணுமா?”

“கண்ணு தெரியாதவங்க மீன் திங்க மாட்டாங்களா? எனக்கு எந்தப் பெட்டி எங்க இருக்குன்னு மனப்பாடம். புதுசா வாறவங்க தட்டழிஞ்சு நிக்கப்பிடாது. ம், அடிங்க.”

“உங்கள் பெயர்,” என்றது கணினிக் குரல். தடவித் தடவி அடித்தான். “என்ன மீன்?” அயிலை. “எத்தனை கிலோ?” ரெண்டு. அனுப்பும் பொத்தானைத் தட்டினான்.

“பிழை,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குரல் அடங்கிப்போனது.

“என்ன பிழைன்னு சொல்லல்லியேட்டி! நான் என்னத்தைக் கண்டேன்?”

பிளஸ்ஸி அவனை இடித்துத் தள்ளிவிட்டுச் சடசடவென்று தட்டினாள். அடுத்த முறை, “போன் நம்பர் விடுபட்டிருக்கிறது,” என்று சொல்லி, அந்தப் பெட்டிக்கே அவனைக் கூட்டிப்போனது குரல். நம்பரைப் போட்டான்.

“உங்கள் ஆர்டர் வந்து சேர்ந்தது. நன்றி.”

“ஜெயிச்சாச்சுட்டி!” ஜாஸ்பர் தோர்த்தை உருவி எறிந்தான். திரையைப் பார்த்தான். பெட்டி இல்லை, எழுத்து இல்லை, பொத்தானும் இல்லை. வெறும் வெள்ளை.

“ஏட்டி, எழுத்துக்கு என்ன கலர் குடுத்த?”

“வெள்ளை.”

“அதுக்குப் பின்னால?”

“அதும் வெள்ளைதான். நம்ம கல்யாணத்துல என் சேலையும் வெள்ளை, உங்க சட்டையும் வெள்ளை, அவ்வளவு பொருத்தம்னு எல்லாரும் சொன்னாங்கல்லா? ஏன், நல்லா இல்லியா?”

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்ட, பிறந்ததிலிருந்தே பார்வையில்லாத தன் மனைவியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டான் ஜாஸ்பர்.

“நல்லாத்தான் இருக்குட்டி. ஆனா, பாவம், கண்ணு தெரிஞ்சவங்களும் மீன் திங்கணும்லா? எழுத்தை மட்டும் கறுப்பாக்கிரு.”