அழியாதும்மா, கொடுங்க

“எழுத்து அழியாதுல்ல தம்பி? அழியும்னா இப்பவே சொல்லிடு. எனக்குப் பளபளப்பே வேண்டாம்.”

கிழவி டார்ச்சை நீட்டுவதும், பிறகு வெடுக்கென்று இழுத்துக்கொள்வதுமாக இருந்தாள்.

சிவப்பு அலுமினிய டார்ச். கலர் மங்கித் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. நடுவில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி: ‘அம்மா, இருட்டில் நடக்காதே.’

மகன் தாளில் எழுதிக் கொடுத்ததை, அதே கோணல் எழுத்தோடு லேசரில் பதித்தது. மகன் போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் கையெழுத்தென்று வீட்டில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதானாம். கடைக்குள் கால் வைத்ததிலிருந்து கிழவி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாலிஷ்காரன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவன் கண் பின்னால் நின்ற மருமகள் மேல் இருந்தது.

அவளேதான். ஒரு காலத்தில் இவன் பெண் கேட்டுப் போனபோது, “அந்தக் கருப்பு நகத்தோடயா நான் குடும்பம் நடத்தணும்?” என்று நாலு பேர் சிரிக்கக் கேட்டவள். அப்புறம் நகம் சுத்தமான ஒருத்தனைக் கட்டிக்கொண்டாள். நகம் சுத்தமாக இருந்து என்ன புண்ணியம், ஆயுசு கெட்டியாக இல்லையே.

“பாலிஷ் போடணும்னு யாரும்மா சொன்னது?”

“என் மருமகதான். பாழாப் போகுதே அத்தை, கண்ணாடி மாதிரி ஆக்கி வச்சுக்கலாம்னா. தங்கமான பொண்ணு.”

பாலிஷ்காரனுக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. வீடு கிழவியுடையது. சோறு கிழவி போடுவது. எழுத்து போய்விட்டால் யார் தலை உருளும்? யோசனை சொன்னவள் தலைதான். இன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வர வேண்டியதுதான். வரட்டும்.

“அழியாதும்மா, கொடுங்க” என்றான் கூசாமல்.

அந்தத் தொழிலில் ஒரு வாரம் இருந்தவனுக்குக்கூடத் தெரியும். லேசர் எழுத்து மேலே இருக்கிற கலர்ப் பூச்சில்தான் நிற்கிறது. அடியில் இருக்கிற அலுமினியத்தில் ஒரு கீறல்கூட இருக்காது. பூச்சை உரித்தால் எழுத்தும் கூடவே வந்துவிடும்.

கண்ணாடி, ரப்பர் வளையம், பேட்டரி எல்லாவற்றையும் கழற்றி ஒரு தட்டில் போட்டு, பெஞ்சில் உட்கார்ந்துவிட்ட கிழவியின் மடியில் வைத்தான். வெறும் குழாயைக் கம்பியில் மாட்டிக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் இறக்கினான்.

நுரைத்தது. சிவப்பு கலங்கி இறங்கியது.

‘நடக்காதே’ முதலில் போனது. ‘இருட்டில்’ அதற்குப் பின்னால் போனது. ‘அம்மா’ மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அந்த நேரத்தில் வெளியே எடுத்துக் கழுவியிருந்தால் அந்த ஒரு சொல்லாவது மிஞ்சியிருக்கும். அவன் கம்பியைப் பிடித்தபடியே நின்றான்.

“ஆச்சா தம்பி?”

“அவசரப்படாதீங்கம்மா. நல்லா வரணும்ல.”

குழாயில் படிந்த கரி போக அதை அமிலத்தில் முக்கி எடுத்தான். தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்புத்தாளால் தேய்த்தான். துணிச்சக்கரத்தில் பாலிஷ் கட்டியை அழுத்தி, குழாயைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். எழுத்து இருந்த இடத்தில் இன்னும் ரெண்டு இழுப்பு சேர்த்தே இழுத்தான். சொல்லக் கூடாது, அவன் கைவேலையில் குறை வைத்ததே இல்லை.

துடைத்துக் கொடுத்தான்.

கிழவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். டார்ச்சைத் திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள். கட்டைவிரலால் தடவினாள். பின்பக்கத் துளை வழியாக உள்ளே பார்த்தாள், எழுத்து அங்கே போய் ஒளிந்துகொண்டிருக்குமோ என்று.

“எங்க தம்பி?”

பாலிஷ்காரன் சொல்ல வேண்டியதைத் தயாராகத்தான் வைத்திருந்தான். ‘உங்க மருமக சொல்லித்தானேம்மா செஞ்சேன்’ என்று. வாயைத் திறப்பதற்குள் மருமகளே முந்திக்கொண்டாள்.

“அடப்பாவி! அழியாதுன்னு சொன்னியே! ஒரு தாயோட வயித்துல இப்படி அடிச்சிட்டியே!”

பக்கத்து வெல்டிங் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தெருவில் போன ரெண்டு பேர் நின்றார்கள்.

கிழவி மருமகள் பக்கம் திரும்பினாள். திட்டவில்லை. அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “நீ படிச்சுப் படிச்சு சொன்னியேம்மா, எழுத்து அழியுமான்னு கேட்டுட்டுக் கொடுங்க அத்தைன்னு. கேட்டுத்தானேடி கொடுத்தேன்” என்று கேவினாள். அதற்கு மேல் அந்தக் குரலைக் கேட்க வெல்டிங் கடைக்காரராலேயே முடியவில்லை. உள்ளே போய்விட்டார்.

மருமகள் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் வாசலில் நின்ற ஆட்டோவில் உட்கார வைத்தாள். பெஞ்சில் கிடந்த தட்டை எடுக்கத் திரும்பி வந்தாள்.

கண்ணாடி, வளையம், பேட்டரி என்று ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள். கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை.

“முன்னாடியே ரெண்டு கடையில விசாரிச்சேன்” என்றாள், குனிந்தபடியே. “கலரோட எழுத்தும் போயிடும்னு உண்மையைச் சொல்லிட்டாங்க. அத்தையைக் கூட்டிட்டுப் போனா அவங்ககிட்டயும் அதையேதான் சொல்வாங்க.”

அவன் துடைத்த துணியைப் பெஞ்சில் வைத்தான்.

“கட்டின பொண்டாட்டிக்கு ஒரு வரி எழுதத் தோணல அந்த மனுஷனுக்கு. அத்தை தினம் அதை என் கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டுக் கொஞ்சுவாங்க.” பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். “என் மேல இருக்கிற வயித்தெரிச்சல்ல நீங்க ஒருத்தர்தான் கண்டிப்பா பொய் சொல்வீங்கன்னு தெரியும்.”

வண்டிக்குப் போய் ஏறினாள். கிழவியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, “அழாதீங்க அத்தை, உங்களுக்கு நான் இருக்கேன்” என்றாள்.